குழாயடி மரியாதை

11-2-1952, திங்கள்

வெளியில் சொன்னால் மானம் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்: இன்று காலை என் இடது மார்பு முளைவிட்டிருந்தது.

அலங்காரமாகச் சொல்லவில்லை. நிஜமான முளை. வெள்ளை வாலும் பச்சைத் தொப்பியுமாக ரவிக்கை ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடது மார்பு என்று ஒன்று எனக்குக் கிடையாது. கார்த்திகையில் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கட்டியை மட்டும் எடுப்பார்கள் என்று நம்பிப் போனேன். அக்குள் வரைக்கும் வழித்துத் துடைத்து அனுப்பினார்கள். அப்புறம் கரண்டு வைத்து அந்த இடத்தைச் சுட்ட கத்தரிக்காய் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். வியாதியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. "அது" என்போம். என் மாமியார் இருந்த காலத்தில் அவரையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரவிக்கையின் காலி இடத்துக்கு முதலில் பஞ்சு வைத்தேன். நடக்க நடக்க அது கழுத்துக்கு ஏறியது. அடுத்த வீட்டுக் காத்தூன் பீவி தையல் மிஷின் வைத்திருப்பவள். "மணல் போட்டுத் தச்சித் தரட்டா தனம்?" என்றாள். யுத்த காலத்தில் நெருப்பு அணைக்கத் தெருவில் தொங்கிய மணல் வாளியா நான்? கடைசியில் பச்சைப்பயறு என்று முடிவாயிற்று. கனமும் உண்டு, சொன்ன இடத்தில் உட்காரவும் செய்யும்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈர உடம்போடு பையை உள்ளே வைத்து ரவிக்கை போட்டேன். போட்டதுதான். கழற்ற வேண்டுமானால் இடது கையைத் தூக்க வேண்டும். அது இப்போது தூக்குகிற கை இல்லை. ஆகையால் இன்று வரைக்கும் அதே ரவிக்கை. (இதுவும் வெளியில் சொல்லக் கூடாதது.)

முளையை முதலில் பார்த்தது நான் இல்லை. எதிர் வீட்டுக் கெங்கம்மா. காசிமேட்டில் கருவாடு வாங்கித் தண்டையார்பேட்டை முழுக்க விற்கிறவள். எனக்கு வருஷக்கணக்கான விரோதி. குழாயடியில் என் நெஞ்சையே உற்றுப் பார்த்தாள். கிட்டே வந்தாள். இரண்டு விரலால் முளையைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள். என் முந்தானையை இழுத்து மூடினாள்.

"ஒழுங்கா போத்திக்கமே" என்றாள். அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. பழைய கெங்கம்மாவாக இருந்தால் இந்தச் செய்தி பாரீஸ் கார்னர் போகிற முதல் பஸ்ஸில் ஏறியிருக்கும். சொல்லவில்லையே, ஏன்?

12-2-1952

பையைப் பிரித்தால் பாதிக்கு மேல் முளை. வீணாக்க மனம் வரவில்லை. சுண்டல் செய்தேன். என் வீட்டுக்காரர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

18-2-1952

குழாயடியில் பெண்பிள்ளைக்கு இரண்டு கை எதற்கு என்பது கத்தி பிடித்த டாக்டருக்குத் தெரியாது. இடது கை குடத்துக்கு. குடம் இடது இடுப்பில் ஏறும், இடது கை அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். வலது கை பேச்சுக்கு. நீட்டவும், மடக்கவும், எதிராளியின் மூக்குக்கு நேரே ஆட்டவும், கடைசியில் வானத்தைக் காட்டிச் சாபம் விடவும்.

இப்போது இடது கையில் குடம் நிற்பதில்லை. மரத்துப்போன மேல்கை, வீங்கின முன்கை, நடுவில் யாரோ கயிறு கட்டி இழுக்கிற அக்குள். குடத்தை வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். வலது கை அங்கே வேலைக்குப் போய்விட்டது. பேச்சுக்கு மிஞ்சியது இடது கை. அது தோள் உயரம் வந்ததும் வண்டிமாடு மாதிரி நின்றுவிடும். கையை வீசாமல் போடுவது சண்டையா? விண்ணப்பம்.

ஆனால் இன்று விண்ணப்பத்துக்கும் வேலை இல்லை. நான் போனதும் கெங்கம்மா தன் குடத்தை நகர்த்தினாள்.

"நீ புட்ச்சிக்கமே. நான் அப்பால புட்ச்சிக்கறேன்."

வரிசையே விலகியது. கவர்னர் வந்த மாதிரி. இந்த முதல் இடத்துக்காக எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்! இன்று சும்மா கிடைத்தது. பிடித்த தண்ணீரில் துருவின் ருசிதான் இருந்தது.

முன்பெல்லாம் என்னைப் பார்த்ததும் "சாவுகிராக்கி வந்துட்டாடி" என்றுதான் ஆரம்பிப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அந்தச் சொல் அவள் வாயில் வரவே இல்லை. கவனித்துவிட்டேன். செத்துக்கொண்டிருப்பவளை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா?

அவளுக்கு என்ன தெரியும்? யார் சொன்னது?

25-2-1952

ஆஸ்பத்திரி. டாக்டர் தையல் போட்ட இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "ஆடி கழிஞ்சு வாங்க, மறுபடி பார்க்கலாம்" என்றார். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். டாக்டர் படிப்பில் அதிக மார்க்கு இந்த ஒரு வார்த்தைக்குத்தான் போலிருக்கிறது.

வார்டு நர்ஸ் இருதயம்மாள் ராயபுரத்துக்காரி, நெஞ்சில் சிலுவை, வாயில் சவுக்கு. என் கையைப் பிடித்து மேலே தூக்கினாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் கிழவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கத்துங்கம்மா, நல்லா கத்துங்க. ஆனா கைய தொங்கவிட்டீங்கன்னா அப்படியே உடம்போட ஒட்டிக்கும். சேசுவே வந்தாலும் பிரிக்க முடியாது."

வழியும் அவளே சொன்னாள். சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இடது கை விரல்களைப் பல்லி மாதிரிச் சுவரில் ஏறவிட வேண்டும். நேற்றைவிட ஒரு விரல் மேலே. அவ்வளவுதான். தினமும்.

பல்லி விழுந்தால் பலன் பார்க்கலாம். பல்லியே நான் என்றால் யாரைக் கேட்பது?

3-3-1952

சுவர் ஏறுகிறேன். ஜன்னல் பக்கத்துச் சுவர்தான் வழுவழுப்பு, அதனால் அங்கே. விரல் ஏறும்போது வாயும் தானாகக் கோணுகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தெரு இருப்பதை மறந்துபோனேன்.

மத்தியானத்துக்குள் தெரு முடிவு செய்துவிட்டது: தனபாக்கியத்துக்கு என்னவோ பிடித்திருக்கிறது, சுவரோடு பேசுகிறாள், சுவர் மேல் எதையோ துரத்துகிறாள்.

சாயங்காலம் கெங்கம்மா வந்தாள். என் வீட்டு வாசற்படியை அவள் மிதித்து எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு கையில் வேப்பிலையும் அம்மன் கோயில் சாம்பலும், மறு கையில் மூடிபோட்ட சட்டி. நர்ஸ் சொல்லித்தான் சுவர் ஏறுகிறேன் என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டாள், ஒரு சொல்லும் நம்பவில்லை. வேப்பிலையால் என் தலையைச் சுற்றினாள். நெற்றியில் சாம்பலைப் பூசினாள்.

"கொழம்பு வச்சிகினு வந்தேன். துன்னு" என்று சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

4-3-1952

கருவாட்டுக் குழம்பு பிரமாதம். அவளுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். சட்டியை நக்காத குறை. இல்லை, டைரியில் எதற்குப் பொய். நக்கினேன்.

20-3-1952

வளையல்காரன் வந்தான். ஆபரேஷனுக்கு முன்னால் இடது கை வளையலை எல்லாம் ஆஸ்பத்திரியில் கழற்றினார்கள். அப்புறம் கை வீங்கிவிட்டது; இருக்கிற வளையல் எதுவும் மணிக்கட்டைத் தாண்டவில்லை. வலது கை நிறையப் பச்சைக் கண்ணாடி, இடது கை மொட்டை. பாதி சுமங்கலி.

வளையல்காரன் சோப்பு போட்டுப் பார்த்தான், எண்ணெய் போட்டுப் பார்த்தான். இரண்டு வளையல் உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"இன்னாடி இது, நான் இன்னும் கீறேன்டி!"

இருக்கிறார் என்பதை வளையல்காரனும் ஒப்புக்கொண்டான்.

9-4-1952

இன்றைக்கு எதுவும் சிரிப்பாக வரவில்லை.

காலையிலிருந்து கை கல்லாகக் கனக்கிறது. உள்பக்கம் எரிச்சல். தொட்டால் தெரியவில்லை, தொடாவிட்டால் எரிகிறது. இது இன்னா கணக்கு? யார் கை இது? ராத்திரி யாரோ என் கையைக் கழட்டிகினு போய் அவங்க கையை மாட்டிட்டுப் போயிட்டாங்களா? சுவர்ல ஏறின வெரலு நாலு நாளா அங்கயே நிக்குது. ஏறமாட்டேங்குது. இன்னாத்துக்கு ஏறணும்? ஆடி கழிஞ்சு வான்னு சொன்னாரே, ஆடியப் பாப்பனா?

தலை சீவ முடியவில்லை. ஒரு கையால் சிக்கெடுக்கலாம், கொண்டை போட முடியாது. தினம் வந்து போட்டுவிடுகிற காத்தூன் பீவி இன்று மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலைக்குக் கிளம்பின வீட்டுக்காரர் திரும்பி வந்தார். ஹார்பரில் கப்பல் மூட்டை இறங்குவதைச் சரிபார்த்து எழுதுகிற உத்தியோகம் அவருக்கு. சீப்பை எடுத்தார்.

அவர் போட்ட கொண்டை மூட்டைக் கட்டு. கிரேன் கொக்கி மாட்டித் தூக்கினால் நான் கப்பலுக்குள் போய்விடுவேன். அவிழாது.

சாயங்காலம் வரைக்கும் அவிழவில்லை. அவிழ்க்க நானும் விரும்பவில்லை.

28-4-1952

இன்று ஒரு பரீட்சை வைத்தேன்.

வேண்டுமென்றே வரிசைக்கு நடுவில் புகுந்தேன். கெங்கம்மா விலகினாள். அவள் குடத்தைக் காலால் எட்டி உதைத்தேன். உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. குழாயடியே மூச்சை அடக்கிக்கொண்டது. முன்பு இதில் பாதி செய்திருந்தால் போலீஸ் வந்திருக்கும்.

கெங்கம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. அப்பாடா என்று நின்றேன். திறந்த வாயை மூடிக்கொண்டாள். குடத்தை எடுத்தாள், கழுவினாள், பழைய இடத்தில் வைத்தாள்.

"ஒடம்ப பாத்துக்கமே" என்றாள்.

நான் சாகப்போவது உறுதி. டாக்டர் எனக்குச் சொல்லாததை வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார், அவர் எங்கேயோ வாய் விட்டிருக்கிறார், அது கெங்கம்மா வரைக்கும் வந்துவிட்டது. தெருவுக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது.

வீட்டுக்காரரைக் கேட்டேன். சாமி படத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால் இன்னும் குழப்பம்.

2-5-1952

காத்தூன் பீவி கொண்டை போட்டுக்கொண்டே கேட்டாள்: "இன்னா தனம், மூஞ்சி செத்துக் கெடக்கு?"

செத்துத்தான் போகப்போகிறேன், கெங்கம்மாவுக்குத் தெரியும் என்றேன். சீப்பு நின்றது. பிறகு அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட பைத்தியமே! அவ வேண்டிக்கினு கீறா. நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கே, தெருமுனை அம்மன்கிட்ட."

"இன்னான்னு வேண்டிக்கினா?"

"நீ பொழச்சி வரணும், ஆடிக் கூழு ஊத்துற வரைக்கும் உங்கூட சண்ட போடமாட்டேன்னு. எங்கிட்டதான் சொன்னா. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. நான் சரின்னு வாயத் தொறக்கல, தலையதான் ஆட்டினேன்."

எனக்குப் புரியவில்லை. பிடித்ததை விடுவதுதானே வேண்டுதல்? புருஷன் உடம்புக்காக ஒருத்தி மீனை விடுவாள், பிள்ளைக்காக ஒருத்தி தலையில் பூவை விடுவாள்.

"நானும் அதையேதான் கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, 'மீனு விக்கறவ மீன வுட்டா ஆவுமா? தாலி அறுத்தவ, பூவு நான் வைக்கறதில்ல. எனக்குன்னு ஆசையா வேற இன்னா கீது? அவகூட சண்ட போடறதுதான். அத்த வுட்டுட்டேன்'னு."

கொண்டையைப் போட்டு முடித்துவிட்டுக் காத்தூன் பீவி போய்விட்டாள். நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சாகவில்லை என்பது சந்தோஷம். இல்லை, அதுவும் தெரியாது. அம்மனும் டாக்டரும் "பார்க்கலாம்" கட்சி. ஆனால் கெங்கம்மாவுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. அவள் பட்டினி கிடக்கிறாள், அவ்வளவுதான். நான் உதைத்த குடத்தைக் கழுவும்போது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! விரதக்காரி முன்னால் நான் வடை பொரித்திருக்கிறேன்.

3-5-1952

ஆடியில் கூழ் ஊற்றுவார்கள். மறுநாள் கெங்கம்மா விரதம் முடிப்பாள். கார்த்திகையிலிருந்து சேர்த்து வைத்த பசி. அதற்கு நான் பொம்மை மாதிரி நின்றால் நியாயமா? அவள் விட்டது வீணாகிவிடாதா?

வலது கை குடத்துக்கு. ஆகவே இடது கை வானத்தைத் தொட வேண்டும்.

சுவர்.

1-6-1952

விரல்கள் ஜன்னல் மேல்கட்டையைத் தொட்டுவிட்டன. வலியில் கண்ணீர் வந்தது. தொட்டதில் சிரிப்பும் வந்தது. வெளியே கெங்கம்மா கருவாட்டுக் கூடையோடு போனாள். என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பேய் இன்னும் ஓடவில்லை என்று அவள் முடிவு.

22-6-1952

இருதயம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். கையைத் தூக்கிக் காட்டினேன். இவ்வளவு தீவிரமாக யாரும் செய்ததில்லை என்று மெச்சினாள். கோயிலுக்கு ஏதாவது நேர்த்திக்கடனா என்று கேட்டாள். ஆமாம், அம்மன் காரியம் என்றேன்.

காத்தூன் பீவி புதுப் பை தைத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை கேழ்வரகு. மழைக்காலம் வருவதற்குள் வேறு ஏதாவது யோசிக்க வேண்டும்.

13-7-1952

தூக்கலாம், ஆனால் ஆட்ட முடியவில்லை. வானத்தில் கை நின்றுவிடுகிறது, கொடிக்கம்பம் மாதிரி. கொடிக்கம்பத்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? சாப வாசகத்தைச் சுவரிடம் சொல்லிப் பழகுகிறேன். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு சீக்கிரமாகவே வேலைக்குப் போகிறார்.

20-7-1952, ஞாயிறு

கூழ் ஊற்றினார்கள். கெங்கம்மா தன் கையால் என் சொம்பில் ஊற்றினாள். வெங்காயம் மட்டும் கூடுதலாக ஒரு பிடி போட்டாள். நாளைக்கு உனக்குப் பலம் வேண்டும் என்பது போல.

21-7-1952, திங்கள்

விடிந்தது. குழாயடிக்குப் போனேன். எல்லோருக்கும் முன்னால் என் குடம் நிறைந்தது, வழக்கமான மரியாதையோடு. தூக்கி இடுப்பில் வைத்தேன், திரும்பினேன்.

"ஏய் சாவுகிராக்கி!"

என்ன குரல்! சங்கு ஊதின மாதிரி. மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"இன்னாமே, மகாராணி மாதிரி மொதல்ல புட்ச்சிகினு போயிகினே கீற? இது இன்னா உங்கப்பன் வச்ச கொழாயா? கஸ்மாலம்! அன்னிக்கு எங்கொடத்த ஒதைச்சியே, காலு கீதா ஒடஞ்சிச்சா?"

"ஒடையுற காலா இது? உன் கருவாட்டுக் கூடை நாத்தத்துலதான் உன் குடம் தானா உருண்டு ஓடிச்சு!"

"கருவாட்டப் பத்தி நீ பேசறியா? நான் குட்த்த கொழம்ப யாரு துன்னது?"

"நாய்க்கு வைச்சேன். மோந்து பார்த்துட்டு ஓடிப்போச்சு!"

"நாயி ஓடுச்சா? அப்பால ஏன்மே சட்டி கழுவாமலே பளபளன்னு வந்துச்சி? யாரு நாக்கு அது?"

குழாயடி முழுக்கச் சிரிப்பு. தோற்றுவிடக் கூடாது. சுவரிடம் சொல்லி வைத்திருந்த வாசகம் ஒன்றும் வாயில் வரவில்லை. வேறு என்னென்னவோ வந்தது. அம்மனைக் கூப்பிட்டு, வானத்தைக் காட்டிக் கையை வீசினேன். கை உச்சிக்குப் போயிற்று. வளையல் எல்லாம் ஜலஜலவென்று குலுங்கின. கெங்கம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. வயிறு நிறைந்தவள் முகம்.

"ஆடு, ஆடு! நாளைக்கு வா, பாத்துக்கறேன்" என்றாள்.

காத்தூன் பீவி கதவருகே நின்று முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: இடது கை உச்சி வரைக்கும் போயிற்று, ஆட்டவும் ஆட்டினேன், ஒரு துளி வலி இல்லை. சுவர் ஏறினது வீண்போகவில்லை. இருதயம்மாளுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.

புடவை மாற்றும்போதுதான் பார்த்தேன். குடத்து ஈரம் இடுப்பின் இடது பக்கத்தில் இருந்தது.

குடத்தைக் கட்டிக்கொண்டு நின்றது இடது கை. வானத்துக்குப் போனது வலது கை. ஒரு நாளும் நோகாத கை.